பூச்சி கடி

மேற்குத் தாம்பரம்
9.8.86

அன்புள்ள அண்ணாவுக்கு,

அபிதாவின் நமஸ்காரம். அப்பாவும் நானும் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம்தான், முழங்காலைத் தவிர. அங்கே இப்போது கோடை என்று எழுதியிருந்தாய். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோடையா என்று அம்மா கேட்கிறாள். மன்னிக்கு இருமல் நின்றதா?

வேலையில் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. காலையில் ரயில், சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினால் பஸ், பஸ் வராவிட்டால் செங்கல் லாரி. முள்ளிக்கழனி ஆரம்ப சுகாதார நிலையம். போர்டில் 'சுகா' மட்டும் உதிர்ந்துபோய் 'ஆரம்ப தார நிலையம்' என்றிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். முதல் தாரத்துக்கு மட்டும்தான் வைத்தியமா என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்று நான் ஒருத்திதான். கம்பவுண்டர் துரைராஜ் பதினாறு வருஷமாக இருக்கிறார், அவர்தான் ராஜா. நிலம் நீச்சு உள்ள ஊர்க்காரர்கள் உள்ளே பெஞ்சில். இருளர்கள் வெளியே புளியமரத்தடியில். ஏரிக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு எலியும் பாம்பும் பிடிக்கிற ஜனங்கள். யாரும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை, அவர்களாகவே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "அதுங்க அங்கதாம்மா குந்தும். பெஞ்சு காலியானதும் கூப்ட்டுக்கலாம். ஒரு பேஜாரும் கெடையாது" என்றார் துரைராஜ். வாஸ்தவம்தான். கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த இரண்டு வருஷத்தை எப்படியாவது தள்ளவேண்டும். அங்கே வருவதற்கான பரீட்சை விண்ணப்பத்தை உடனே அனுப்பு. இங்கே உட்கார்ந்து துருப்பிடிப்பதற்கா ஐந்தரை வருஷம் படித்தேன்?

உன் பதிலை எதிர்பார்த்து தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்,
அபிதா


யார்க்‌ஷயர்
24.8.86

அன்புள்ள அபிதாவுக்கு,

ஆசீர்வாதம். மன்னிக்கு இருமல் நின்று தும்மல் வந்திருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தடவுவதோடு நிறுத்திக்கொள், கண்ட மாத்திரையைக் கொடுக்காதே. ரத்த அழுத்தத்தை எழுதி அனுப்பு.

துருப்பிடிக்கிறாய் என்கிறாய். இங்கே வந்து பார். கிளினிக் வாசலில் என் பெயர்ப்பலகை இருக்கிறது. சாம்பசிவன் என்று வாசிக்க வராததால் எல்லோருக்கும் நான் டாக்டர் சாம். புதிதாக வரும் வெள்ளைக்காரர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, வேறு டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று மரியாதையாகக் கேட்பார்கள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. பஞ்சாபி, குஜராத்தி, வங்காளி யார் வந்தாலும் வரவேற்பில் இருக்கும் அம்மாள் என் அறைக்குத்தான் அனுப்புவாள். "உங்கள் பாஷைதானே, டாக்டர் சாம்" என்பாள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவர்களுக்குத் தெரியாது. உடைந்த இங்கிலீஷில் இரண்டு பக்கமும் சமாளிக்கிறோம்.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் பார்ட்னர் ஆகிவிட்டார்கள். நான் இன்னும் சம்பளக்காரன். இந்த வருஷம் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம்.

விண்ணப்பம் தனியாக வரும். நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்குக் குந்தகம் வராமல் பார்த்துக்கொள்.

அப்பா அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.
சாம்பசிவன்


மேற்குத் தாம்பரம்
11.9.86

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். அம்மாவின் ரத்த அழுத்தம் 150/90. என் ரத்த அழுத்தத்தை நீ கேட்கவில்லை, கேட்டிருந்தால் பயந்திருப்பாய். இன்று மட்டும் எழுபத்திரண்டு பேர்.

முதலில் ஊர்ப் பெரிய வீட்டு அம்மாள். முதுகு வலி. எழுந்துபோய் முதுகைத் தட்டி, அழுத்தி, குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி அரைமணி நேரம் பார்த்தேன். வியாதி ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த நாட்டுப்பெண்தான் வியாதி. மத்தியானம் ஒரு தூக்கு மோர் அனுப்பியிருந்தாள்.

கடைசியில் புளியமரத்துக் கட்சி. ஒரு மாமியாரும் மருமகளும். மருமகளுக்குப் பதினெட்டு வயதிருந்தால் அதிகம், தனம் என்று பெயர். "விடிகாலைல பூச்சி கடிச்சிடுச்சும்மா" என்றாள் மாமியார். காதுக்குப் பின்னால் என்று காட்டினாள். என் நாற்காலியிலிருந்து பார்த்தவரையில் வீக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. வயிறும் வலிக்கிறதாம். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. பகல் பன்னிரண்டேகால் மணிக்குக் கண்ணைத் திறக்கமாட்டாமல் மாமியார் தோளில் தூங்கி வழிந்தாள். காலையிலேயே சாராயக்கடைப் பக்கம் போய்விட்டு வந்தார்களோ என்னவோ. அரிப்புக்குக் கொடுக்கிற ஏவில் மாத்திரை எழுதிக்கொடுத்தேன். மாமியார் நகராமல் நின்று என்னையே பார்த்தாள். துரைராஜ் அதட்டிய பிறகுதான் போனாள்.

ஒரு பூச்சி கடிக்காக இரண்டு மைல் நடந்து வந்திருக்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் டாக்டரிடம் ஓடுவது உன் ஊர்க் கிழவிகள் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ளாதே.

சனிக்கிழமை அம்மா திருநீர்மலை போகவேண்டும் என்கிறாள். அந்த முழங்காலோடு மலை ஏறுவாளாம்.

மன்னிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.
அபிதா


யார்க்‌ஷயர்
22.9.86

அபிதா,

எல்லோரும் நலம் என்று எடுத்துக்கொள். உன் கடிதம் முந்தாநாள் வந்தது.

அந்தப் பெண்ணைக் கடித்தது என்ன பூச்சி? நீ கேட்டாயா? தூக்கமா, இல்லை இமை இரண்டையும் தூக்கவே முடியவில்லையா? வாய் திறக்கவில்லை என்கிறாய். பேசவில்லையா, பேச முடியவில்லையா?

நான் கிராமத்தில் வேலை பார்த்த வருஷம் ஒரு நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நம் பக்கத்தில் பாம்பு கடித்தால் பாம்பு என்று சொல்லமாட்டார்கள், பூச்சி என்பார்கள். கட்டுவிரியன் கடித்தால் வீங்காது. தூங்குகிறவர்களை விடியற்காலையில் கடிக்கும், வயிறு வலிக்கும், இமை தொங்கும். அதற்குப் பிறகு மூச்சு.

இது உன் கைக்கு வரும்போது மூன்று வாரம் கடந்திருக்கும் என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இருளர் குடும்பம், பாம்பாக இருந்தால் அவர்களுக்குத் தெரியாதா என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன். தூக்கம் வரவில்லை.

உடனே பதில் போடு.
சாம்பசிவன்


மேற்குத் தாம்பரம்
8.10.86

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம். கொலு வைத்தாகிவிட்டது. ஐந்து படி. தசாவதாரத்தில் வாமனரின் குடை உடைந்துவிட்டது, அப்பா பசை போட்டு ஒட்டினார். நேற்று கடலைச் சுண்டல், இன்று பட்டாணி. பொழிச்சலூரிலிருந்து மாமா வந்திருந்தார். அவர்கள் வீட்டு மேலே விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பழகியதால், இங்கே வந்தும் பாதிப் பேச்சில் நிறுத்திவிடுகிறார்.

மழை ஆரம்பித்துவிட்டது. அம்மா மலை ஏறவில்லை, அடிவாரத்தில் சேவித்துவிட்டு வந்தாள். ரத்த அழுத்தம் 144/90.

எனக்கு நேரமே கிடைப்பதில்லை. புளியமரத்தடியில் இப்போது கூட்டம் இல்லை. மழையினால் இருக்கலாம்.

நீ கேட்டிருந்ததற்குப் பிறகு எழுதுகிறேன்.

மன்னிக்கு அன்பு.
அபிதா


யார்க்‌ஷயர்
19.10.86

அன்புள்ள அபிதாவுக்கு,

ஆசீர்வாதம். வாமனர் குடை வரைக்கும் எழுத நேரம் இருந்திருக்கிறது. நான் கேட்டதற்கு ஒரு வரி எழுத நேரம் இல்லை. நல்ல செய்தியாக இருந்தால் முதல் வரியில் எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இங்கே ஒரு விஷயம். என்னைப் பார்ட்னர் ஆக்கிவிட்டார்கள். ஒரு நோயாளி விஷயமாகக் கோடையில் ஒரு விசாரணை இருந்தது, அதெல்லாம் முடிந்துவிட்டது. போன திங்கட்கிழமை பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கை குலுக்கினார். மன்னி பாயசம் வைக்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

என்ன நடந்தது என்று எழுது. திட்டமாட்டேன்.
சாம்பசிவன்


மேற்குத் தாம்பரம்
9.11.86

அண்ணா,

அப்பா அம்மா சௌக்கியம். நீ பார்ட்னர் ஆன செய்தி கேட்டு அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

தனம் செத்துப்போய்விட்டாள். அன்றைக்கே, மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏரிக்கரை வழியில். என் கையெழுத்துப் போட்ட சீட்டு அவள் புடவை முந்தானையில் முடிந்திருந்ததாம். நான் உனக்குச் சிரிக்கச் சிரிக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் உயிரோடு இல்லை. மறுநாள் துரைராஜ் சொன்னார். "பூச்சின்னா பாம்பும்மா. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." உன் கடிதம் வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் கொலு பொம்மையைப் பற்றி எழுதினேன்.

விஷமுறிவு மருந்து எட்டுக் குப்பி என் அறையிலேயே, ஃபிரிட்ஜில் இருந்தது. நாற்காலியிலிருந்து நாலு எட்டு. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதே இருளர்கள்தான் என்று நாம் படித்திருக்கிறோம், பரீட்சையில் எழுதியும் இருக்கிறோம். ஒன்பதரை மணிக்கு வந்தவர்கள். பன்னிரண்டேகால் வரைக்கும் மரத்தடியில் இருந்திருக்கிறார்கள்.

சவுரிமுத்து என்று ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அவர் கலெக்டருக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார். மேலதிகாரி ஜீப்பில் வந்தார். "இதெல்லாம் சகஜம்மா. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசி நேரத்தில் கொண்டுவந்தார்கள் என்று எழுதிவிடுங்கள். எப்போதும் அப்படித்தான் எழுதுவோம்" என்றார். மாமியார் கங்கையம்மாள் வேர் பிடுங்கி வைத்தியம் பார்க்கிறவள். அதனால் கதை பொருந்துகிறது. நான் இன்னும் எழுதவே இல்லை, அதற்குள் போலீஸ் அவளை இரண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நாள் முழுக்க உட்காரவைத்துவிட்டார்கள். என்ன வேரைக் கொடுத்தாய் என்று கேட்டார்களாம். நான் அப்படி எழுதிக்கொடுத்தால் அவள் உள்ளே போவாள். எழுதாவிட்டால் என் வேலை போகும்.

டிசம்பர் பதினைந்துக்குள் அறிக்கை கொடுக்கவேண்டும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரயிலில் உட்கார முடியவில்லை, தாம்பரத்திலிருந்து நின்றுகொண்டே போகிறேன். என்ன செய்யட்டும், சொல்.

அபிதா


யார்க்‌ஷயர்
20.11.86

அன்புள்ள அபிதாவுக்கு,

ஆசீர்வாதம். முதலில் சாப்பிடு. டாக்டராகச் சொல்கிறேன்.

மேலதிகாரி சொன்னபடி எழுதாதே. அந்த அம்மாளை ஜெயிலில் வைத்துவிட்டு நீ ஒரு நாளும் நிம்மதியாக இருக்கமாட்டாய். ஆனால் உன்னை நீயே தூக்கிலும் போட்டுக்கொள்ளாதே. இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. இப்படி எழுது:

'நோயாளி தரப்பினர் பயன்படுத்திய சொல் வேறு பொருளில் புரிந்துகொள்ளப்பட்டது. மொழி வேறுபாடு காரணமாக நோயின் தன்மையை உரிய நேரத்தில் அறிய இயலவில்லை.'

இவ்வளவு போதும். இதில் பொய் இல்லை. யார் மேலும் பழி இல்லை. கங்கையம்மாளும் தப்புவாள், நீயும் தப்புவாய். விசாரணை செய்கிறவர்களுக்கு இந்த வரி மிகவும் பிடிக்கும். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, இனிமேல் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று தீர்மானம் போட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். எனக்குத் தெரியும்.

உனக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. இங்கே உனக்காக அறை ஒழித்து வைத்திருக்கிறேன். யோசித்துக் குழம்பாதே, எழுதிக் கொடுத்துவிடு.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியவேண்டாம்.
சாம்பசிவன்


மேற்குத் தாம்பரம்
16.12.86

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, ரத்த அழுத்தம் 160. அப்பா என்னோடு பேசவில்லை. நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

உன் வரி எனக்குப் பிடித்திருந்தது. படித்ததும் பசித்தது, அன்றைக்கு இரண்டு தட்டுச் சாதம் சாப்பிட்டேன். அப்படியே நகல் எடுத்து எழுதினேன். இருளர்கள் எப்போது எந்தச் சொல்லைச் சொல்வார்கள் என்று விசாரித்து இன்னும் ஒரு பாரா சேர்த்தால் பலமாக இருக்கும் என்று தோன்றியது. அதற்காகத்தான், பார், அதற்காகத்தான் முதல்முறையாக ஏரிக்கரைக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போகவில்லை.

கங்கையம்மாள் முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து சாக்கை உதறிப் போட்டாள். நான் கேட்டேன். நீங்கள் பாம்பு பிடிக்கிறவர்கள்தானே, ஏன் பாம்பு என்று சொல்லவில்லை?

"புடிக்கும்போது பேரு சொல்லுவோம்மா. கடிபட்டவ காதுல விழற மாதிரி சொல்ல மாட்டோம். சொன்னா வெசம் ஏறிடும்."

"வேர் கொடுத்தீங்களா?"

"இல்லம்மா. அது இன்னா பூச்சின்னு எனக்குத் தெரியும். அது என் வேருக்கு அடங்காது. ஒங்கிட்டதான் மருந்து கீதுன்னு இட்டுகினு வந்தேன்."

என் கையில் உன் வரி இருந்தது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஊசி போட்டிருப்பேன் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசவில்லை, அண்ணா. கோபித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"பேரு ஒனக்குத் தெரில, சரி. புள்ளைக்கு கண்ணு தொங்கிச்சே. எச்சி முழுங்க முடியாம வாயோரமா வழிஞ்சுதே. அதயும் நான் வாயால சொல்லணுமா? நீ எந்திரிச்சு வந்து பாப்ப, பாப்பன்னு ஒம் மூஞ்சியவே பாத்துகினு நின்னேன்."

வந்துவிட்டேன். அந்தப் பக்கம் மூன்று மணிக்குத்தான் பஸ், நடந்தே வந்தேன். பெரிய வீட்டு அம்மாளின் முதுகு வலிக்கு எழுந்துபோனவள் நான். அந்த அம்மாள் எந்தச் சொல்லைச் சொன்னாள் என்று பார்த்தா எழுந்து போனேன்? அர்த்தம் தெரியாத சொல்லைக் கேட்டால் டாக்டர் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். பார்த்திருந்தால் சொல்லே தேவைப்பட்டிருக்காது.

நேற்று அறிக்கை கொடுத்துவிட்டேன். உன் வரியை எடுத்துவிட்டேன். நோயாளி இரண்டே முக்கால் மணி நேரம் வெளியே காக்கவைக்கப்பட்டாள் என்றும், வீட்டில் எந்த மருந்தும் கொடுக்கப்படவில்லை என்றும், மருந்து கையிருப்பில் இருந்தது என்றும் எழுதினேன். கடைசி வரி இது: 'நோயாளியை நான் தொட்டுப் பார்க்கவில்லை.' மேலதிகாரி படித்துவிட்டு, "யாரும்மா உன்னைக் கேட்டாங்க, தொட்டியா இல்லையான்னு?" என்றார். இன்றைக்கே என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கி மெமோ வந்துவிட்டது. நன்னடத்தைச் சான்றிதழ் இனிக் கிடைக்காது. ஒழித்து வைத்த அறையில் வேறு யாரையாவது வைத்துக்கொள்.

கங்கையம்மாளை இனி ஸ்டேஷனுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று சவுரிமுத்து வாத்தியார் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, பயமாகவும் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கவேண்டும். உன் கடிதங்களில் எப்போதும் அடித்தல் திருத்தல் இருக்கும். அந்த வரியில் மட்டும் ஒரு அடித்தலும் இல்லை. அவ்வளவு சுத்தமாக அது உனக்கு எப்படி வந்தது?

அபிதா


யார்க்‌ஷயர்
3.1.87

அன்புள்ள அபிதாவுக்கு,

ஆசீர்வாதம். மன்னி நலம். பனி பெய்கிறது. இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன்.

அந்த வரி எனக்குப் புதிதல்ல. ஜூலையில் இங்கிலீஷில் எழுதியதைத்தான் உனக்குத் தமிழில் எழுதினேன்.

பஞ்சாபி அம்மாள் ஒருத்தி, ஐம்பது வயது, துணி மில்லில் வேலை. அன்று நான் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரத் தாமதமானதால் பெரிய டாக்டர் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அவர் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் மார்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் உட்கார்ந்தபடியே சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பெண்களுக்கு எல்லாமே வலிதான் என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நானும் சிரித்துவைத்தேன். அன்று சாயங்காலம் இறந்துபோனாள். மாரடைப்பு.

அவள் மகன் புகார் கொடுத்தான். விசாரணைக் குழுவுக்கு, மொழி தெரியாததால் வந்த கஷ்டம் என்று ஆசிய டாக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்தால் எல்லாம் சுமுகமாக முடியும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான் எழுதிக்கொடுத்தேன். அக்டோபரில் பார்ட்னர் ஆனேன். அம்மா அதற்குத்தான் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

உனக்கு நான் எழுதியபோது, இதில் பொய் இல்லை என்று எழுதினேன். உன் விஷயத்தில் அது பாதி நிஜம். பூச்சி என்ற சொல் உனக்குத் தெரியாது. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை, அபிதா. கதவருகே நின்று என் காதால் கேட்டேன். அந்த அம்மாள் "பெயின், டாக்டர், பெயின்" என்று இங்கிலீஷில்தான் சொன்னாள்.

சாம்பசிவன்